மூன்று வருடக் காமாலை

கல்லூரியில் வேலைவாய்ப்புப் பொறுப்பை உங்கள் தலையில் கட்டியவர்கள், கம்பெனிக்காரர்களுக்கு மதியச் சாப்பாடு எங்கே சொல்வது, அவர்கள் வரும் கார் எங்கே நிற்பது என்பதையெல்லாம் விளக்கமாகச் சொல்லியிருப்பார்கள். பிள்ளைகளின் பயோடேட்டாவில் எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். எனக்கும் யாரும் சொல்லவில்லை. நான் விருதுநகர்ப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் ஆங்கிலம் எடுத்துக்கொண்டிருந்தவள். "இங்கிலீஷ்ல எழுதுற வேலைதான மேடம், நீங்களே பாத்துக்கோங்க" என்று ஒருநாள் பிரின்சிபால் ஒரு பீரோச் சாவியைக் கையில் கொடுத்தார். ஓய்வு பெறுகிற வரைக்கும் அந்தச் சாவி என்னிடம்தான் இருந்தது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு சென்னைக் கம்பெனிகள் எங்கள் மாதிரிக் கல்லூரிகளுக்கும் ஆள் எடுக்க வர ஆரம்பித்த புதிது. பிள்ளைகள் எல்லோரும் எங்கிருந்தோ கிடைத்த ஒரே பயோடேட்டாவைப் பார்த்து எழுதிக்கொண்டு வருவார்கள். எல்லோருக்கும் பொழுதுபோக்கு புத்தகம் படிப்பது. எல்லோருடைய பலமும் கடின உழைப்பு. எல்லோருடைய பலவீனமும் யாரையும் எளிதில் நம்பிவிடுவது! வகுப்பில் என்னையே நம்பாத பிள்ளைகள் இவர்கள்.

மதுரையில் நடந்த ஒரு பயிற்சிக்குப் போயிருந்தபோது, வேலைக்குச் சம்பந்தமில்லாத எதையும் பயோடேட்டாவில் போட விடாதீர்கள் என்று கோட்டுப் போட்ட ஒருவர் சொல்லி அனுப்பினார். அவருக்கு எங்கள் பக்கத்துப் பிள்ளைகளைத் தெரியாது. இங்கே முழுப் பரீட்சை லீவு என்றால் விளையாட்டு என்று அர்த்தமில்லை. ஒருத்தன் அச்சாபீசில் பேப்பர் அடுக்குவான், ஒருத்தி தையல் படித்துக்கொண்டே டைப்ரைட்டிங் பரீட்சை எழுதுவாள், இன்னொருத்தி வீட்டில் உட்கார்ந்து பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் ஒட்டுவாள். சம்பந்தமில்லாததை எல்லாம் எடுத்துவிட்டால் பெயரும் அப்பா பெயரும்தான் மிஞ்சும்.

நாரணாபுரத்துப் பையன் ஒருவன் பி.காம். கடைசி வருடம். அவன் கொண்டுவந்த தாளில் பொழுதுபோக்கு என்ற இடத்தில் தபால்தலை சேகரிப்பு என்று இருந்தது. எங்கே, ஒன்றைக் காட்டு என்றேன். சிரித்துவிட்டான். லீவில் உண்மையில் என்னதான் செய்கிறாய் என்று கேட்டதும் தயங்கித் தயங்கிச் சொன்னான். தினசரிக் காலண்டர் மாதிரிகளைப் பையில் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய்க் கடைக்காரர்களிடம் ஆர்டர் பிடிப்பானாம். வெளி மாவட்டம் எல்லாம் போயிருக்கிறான். "அதெல்லாம் எதுக்கு மேடம், படிப்புக்கும் அதுக்கும் என்ன இருக்கு?" என்றான். நான் தபால்தலையை அடித்துவிட்டுக் காலண்டரை இரண்டு வரியாக எழுதினேன். நேர்முகத்தில் வந்தவர் கணக்குப் பதிவியலில் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. வேண்டாம் என்று சொல்லும் கடைக்காரனிடம் எப்படி ஆர்டர் வாங்குவாய் என்று மட்டும் கேட்டிருக்கிறார். "அவுக கடைப் பேர ஒரு சீட்டுல எழுதி மாதிரி மேல ஒட்டிக் காட்டுவேன் சார். சொந்தப் பேரப் பாத்துட்டா எறக்கி வைக்க மனசு வராது" என்று சொல்லியிருக்கிறான். அன்று சாயங்காலமே அவனுக்கு வேலை உறுதியானது.

எனக்குத் தலைகால் புரியவில்லை. அதற்குப் பிறகு எந்தப் பிள்ளை வந்தாலும் தோண்டித் துருவி எல்லாவற்றையும் எழுத வைத்தேன். எழுதினால் நல்லது, மறைத்தால் நஷ்டம் என்று எனக்குள் ஒரு சட்டமே போட்டுக்கொண்டேன். அப்படி நான் மிதந்துகொண்டிருந்த நேரத்தில்தான் மாரீஸ்வரி வந்தாள்.

தாயில்பட்டிக்குப் பக்கத்து ஊர். பி.எஸ்சி. கணிதம். வகுப்பில் பிள்ளைகள் அவளை அக்கா என்று கூப்பிடுவதை நான் கவனித்திருக்கிறேன், மரியாதைக்கு என்று நினைத்துக்கொண்டேன். அவள் பயோடேட்டாவில் பிறந்த தேதியைப் பார்த்ததும்தான் மற்றவர்களைவிட மூன்று வயது மூத்தவள் என்று தெரிந்தது. மதிப்பெண் எல்லாம் பிரமாதம். எந்த வகுப்பிலும் தோற்றவள் இல்லை. பின்னே எப்படி என்று கேட்டேன்.

ஒளிக்காமல் சொன்னாள். அப்பா படுத்த படுக்கையானதும் நாலாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். அம்மாவோடு தீப்பெட்டி ஆபீசுக்குப் போனாள். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், எங்கள் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். அம்மா ஆபீஸ் போகிறாள் என்று ஒரு பிள்ளை சொன்னால் மேசை நாற்காலியை நினைத்துக்கொள்ளாதீர்கள். மரச் சட்டத்தில் தீக்குச்சிகளை வரிசையாகச் செருகும் வேலை அவளுக்கு. கட்டை அடுக்குவது என்பார்கள். அப்புறம், வேலைக்குப் போன பிள்ளைகளைப் படிப்புக்குத் திருப்ப அரசாங்கம் நடத்திய சிறப்புப் பள்ளியில் சேர்த்துவிட்டார்கள். அங்கிருந்து மற்றப் பிள்ளைகளோடு சாதாரணப் பள்ளிக்கு வந்து, பத்தாம் வகுப்பில் பள்ளியிலேயே முதல் மதிப்பெண். ஆக, மூன்று வருடம் போயிற்று.

நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். காலண்டருக்கே வேலை கிடைத்தது என்றால் இதற்கு என்னதான் கிடைக்காது! சிறப்புப் பள்ளியையும் சேர்த்து எழுதலாம், அதற்கு முந்தைய வேலையையும் ஒரு வரி எழுதலாம் என்று பேனாவைத் திறந்தேன். அவள் முகம் மாறியது. வெட்கப்படுகிறாள் என்று நினைத்து ஒரு நீண்ட பிரசங்கம் செய்தேன். உழைப்பில் கேவலம் இல்லை, சின்ன வயதில் நடந்ததற்கு நீ பொறுப்பு இல்லை, இப்படி வந்தவள் என்று தெரிந்தால் எவனும் எழுந்து நின்று கை கொடுப்பான் என்று என்னென்னவோ சொன்னேன். முடிகிற வரைக்கும் பொறுமையாகக் கேட்டாள்.

"வெக்கம் எல்லாம் இல்ல மேடம்" என்றாள். "அந்த ஆபீஸ் யாரோடதுன்னு தெரியுமா?"

அவள் சொன்ன பெயரைக் கேட்டதும் பேனாவை மூடிவிட்டேன். எங்கள் கல்லூரிக் கமிட்டியில் இருந்த முதலாளி அவர். தன்னிடம் வேலை பார்ப்பவர்களின் பிள்ளைகள் படிக்க உதவி செய்கிறவர். மாரீஸ்வரிக்குக் கல்லூரியில் கட்டணம் கட்டுவதும் அவர்தான்.

"எங்கப்பா செத்தப்ப வீட்டுக்கு வந்து, காடு வரைக்கும் நடந்து வந்தாக மேடம். எங்கம்மா இன்னும் அங்கனதான் வேலை பாக்குறா. சின்னப் பிள்ளையில அங்கன கட்டை அடுக்குனேன்னு நான் இங்கிலீசுல எழுதி ஒரு மெட்ராஸ்காரன் கையில குடுத்தா, அவுகளக் காட்டிக்குடுத்த மாதிரி ஆயிராதா?"

"கம்பெனிப் பேரு எதுக்கும்மா? பேரில்லாம எழுதுவோம்."

"தாயில்பட்டின்னு ஊர் பேர் இருக்கே மேடம். எங்க ஊர்க்காரக போறது அவுக ஆபீஸ் ஒண்ணுக்குத்தான், அதுக்கு மேல என்ன பேரு வேணும்?"

நான் வெட்கம் என்று நினைத்தது நன்றி என்று தெரிந்ததும் என் பிரசங்கம் எல்லாம் அசட்டுத்தனமாகிவிட்டது. எதை எழுதுவது, எதை விடுவது என்பது எழுதுகிற பிள்ளையை மட்டும் பொறுத்ததில்லை என்பதை அன்றைக்குத்தான் நான் தெரிந்துகொண்டேன். அந்த ஒரு வரியில் அவள் அம்மா இருந்தாள், முதலாளி இருந்தார், அவள் தெருவே இருந்தது.

சரி, விட்டுவிடு என்றேன். பயோடேட்டாவில் பத்தாம் வகுப்பிலிருந்து எழுதினால் போதும், கீழே யாரும் பார்க்க மாட்டார்கள். வயதை வைத்துக் கேட்டால் குடும்பச் சூழ்நிலை என்று ஒரு வார்த்தை சொல், அதற்கு மேல் பேசாதே என்றேன். தலையாட்டினாள். தலையாட்டுவது நம் பிள்ளைகளுக்கு மூச்சு விடுவது மாதிரி, அதை நம்பி எந்தக் காரியத்தையும் முடித்துவிடாதீர்கள். நான் முடித்துவிட்டேன்.

நேர்முகத்துக்கு வந்தது ஒரு சென்னைக் கம்பெனி. பட்டதாரிகளை எடுத்துத் தாங்களே பயிற்சி கொடுத்துக் கம்ப்யூட்டர் வேலையில் போடுகிறவர்கள். வந்த அன்று காலையில் அவர்கள் தங்களுடைய விண்ணப்பத்தாள் ஒன்றைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். நான் சாப்பாடு வரவில்லை, கரண்டு போய்விட்டது என்று ஓடிக்கொண்டிருந்தேன். படிப்பில் இடைவெளி உண்டா, இருந்தால் காரணம் என்ன என்று அதில் ஒரு கட்டம் இருந்ததை நான் பார்க்கவில்லை.

மாரீஸ்வரி தேர்வானாள். பெயரை வாசித்தபோது கணிதத் துறைப் பிள்ளைகள் பெஞ்சைத் தட்டினார்கள். மறுநாள் அவள் அம்மா ஒரு பொட்டலம் சாத்தூர்ச் சேவோடு கல்லூரிக்கு வந்துவிட்டாள். அரை நாள் ஆபீசை விட்டுவிட்டு வந்திருந்தாள். "எம்புள்ள மெட்ராஸ் போறா டீச்சர்" என்று வழியில் பார்த்த எல்லோரிடமும் சொன்னாள், வாட்ச்மேனிடம் இரண்டு தடவை சொன்னாள். நான் விட்டுவிடச் சொன்னது சரியாகத்தான் போயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.

கொஞ்ச நாள் கழித்துச் சென்னையிலிருந்து போன் வந்தது. கம்பெனியில் ஆள் எடுக்கும் பிரிவில் இருந்த பெண். நேர்முகத்துக்கும் அவள்தான் வந்திருந்தாள், நல்ல மாதிரி.

"மேடம், மாரீஸ்வரியோட பழைய மெடிக்கல் பேப்பர்ஸ் எல்லாம் உடனே வேணும். அவங்ககிட்ட கேட்டா எதுவும் இல்லைன்னு சொல்றாங்க."

"என்ன மெடிக்கல் பேப்பர்?"

"சின்ன வயசுல மூணு வருஷம் மஞ்சள் காமாலைன்னு அப்ளிகேஷன்ல எழுதியிருக்காங்களே. எங்க டாக்டர் கையெழுத்துப் போட மாட்டேங்கறார். மூணு வருஷம் ஸ்கூலையே நிறுத்தற அளவுக்கு வந்ததுன்னா அது சாதாரணக் காமாலை இல்ல, ஈரல்ல ஏதோ பெரிய கோளாறா இருந்திருக்கணும்னு சொல்றார். இப்போ ரத்தப் பரிசோதனை எல்லாம் சரியாத்தான் இருக்கு. ஆனா நைட் ஷிஃப்ட் வேலை. அப்போ என்ன வைத்தியம் பண்ணினாங்கன்னு தெரியாம அனுப்ப மாட்டேங்கறார். அடுத்த வாரம் பேட்ச் ஆரம்பிக்குது மேடம்."

விசாரித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு நேரே மாரீஸ்வரி ஊருக்குப் பஸ் ஏறினேன்.

வீட்டில் அம்மாவும் மகளும் இருந்தார்கள். "வாங்க டீச்சர், இம்புட்டுத் தூரம் வந்துருக்கீக, சொல்லி விட்டா வந்திருக்க மாட்டமா" என்று அம்மா பாயை விரித்தாள். நான் உட்காரவில்லை. யார் சொல்லிக்கொடுத்து இந்தக் காமாலை வந்தது என்று கேட்டேன். மகள் தரையைப் பார்த்தாள். அம்மாதான் முன்னால் வந்தாள்.

"நாந்தான் டீச்சர் சொல்லச் சொன்னேன். குடும்பக் கஷ்டம்னு சொல்லச் சொன்னீகளாம்ல. கஷ்டம்னு சொன்னா என்ன கஷ்டம்னு கேப்பான். படிக்காம அப்ப என்ன செஞ்சேன்னு கேப்பான். ஒண்ணு மேல ஒண்ணா நோண்டிக்கிட்டே போவான். நோவுன்னு சொன்னா எவன் நோண்டுவான்? இப்ப நல்லாருக்கியாம்மான்னு கேட்டுட்டு விட்ருவான்."

கோபமாக வந்த நான் பாயில் உட்கார்ந்துவிட்டேன். எங்கள் பக்கம் அது அப்படித்தான். கல்யாணத்துக்குப் போகாவிட்டால் உடம்பு சரியில்லை, லீவு போட்டால் உடம்பு சரியில்லை, பெண் பார்க்க வந்தவர்கள் பிடிக்காமல் போனாலும் பெண்ணுக்கு உடம்பு சரியில்லை. அதற்கு மேல் கேட்பது மரியாதை இல்லை என்று கேட்கிறவருக்கும் தெரியும். நானே எத்தனை லீவுக் கடிதங்களில் எழுதாத காய்ச்சலா! நோய் என்று சொன்னால் பேப்பரைக் கேட்கிற உலகம் ஒன்று இருக்கிறது என்று அந்த அம்மாவுக்கு எப்படித் தெரியும்?

"முழுப் பொய்யும் இல்ல டீச்சர்" என்றாள். "காமாலை வந்துச்சு. கீழாநெல்லிய அரைச்சுக் குடுத்து, இருக்கன்குடி மாரிக்கு நேந்துக்கிட்டோம். ஒரு மாசத்துல எறங்கிருச்சு. அந்த ஒரு மாசத்தத்தான் மூணு வருசமாக்கிட்டோம், அம்புட்டுத்தான்."

"கீழாநெல்லிக்கு எந்த ஆஸ்பத்திரியில பேப்பர் குடுத்தாக?"

அம்மா மெதுவாக, "உங்களுக்குத் தெரிஞ்ச டாக்டர் யாராச்சும் இருந்தா ஒரு சீட்டு எழுதி வாங்கிறலாம்ல டீச்சர்?" என்றாள்.

உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது, எனக்கு அப்படி ஒருவரைத் தெரியும். அவர் மகள் என் மாணவி. நான் கேட்டால் மறுக்க மாட்டார். பஸ்ஸில் வரும்போதே அவர் முகம் எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. ஒரு சீட்டு, ஒரு கையெழுத்து, பிள்ளை அடுத்த வாரம் சென்னையில். நெருக்கடியில் மனம் இப்படித்தான் குறுக்கு வழியை முதலில் காட்டும். ஆனால் யோசிக்க யோசிக்கப் பயமாக இருந்தது. இன்றைக்கு ஒரு டாக்டர் எழுதிவிட்டால் அந்த நோய் நிஜமாகவே அவளுடையதாகிவிடும். நாளைக்கு அந்தக் கம்பெனி ஒவ்வொரு வருடமும் பரிசோதிக்கும். கல்யாணம் பேசும் இடத்துக்குக்கூட அது போய்ச் சேரும். எந்த நோயும் இல்லாத பெண் ஆயுசுக்கும் ஈரல் நோய்க்காரியாக இருக்க வேண்டுமா? வேண்டாம் என்றேன். நடந்ததைச் சொல்லிவிடுவோம், வேறு வழி கிடையாது என்றேன்.

அதுவரை வாய் திறக்காத மாரீஸ்வரி அப்போதுதான் பேசினாள். "மொதலாளிகிட்ட ஒரு வார்த்த கேக்காம சொல்ல மாட்டேன் மேடம். வேல போனாலும் பரவால்ல."

மறுநாள் நானும் அவளும் சிவகாசிக்குப் போய் முதலாளியைப் பார்த்தோம். சீசன் நேரம், வாசலில் லோடு ஏறிக்கொண்டிருந்தது. என்னைக் கண்டதும் கணக்குப் பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு, எங்களை உட்கார வைத்து, வேண்டாம் என்று சொல்லியும் கலர் வாங்கி வரச் சொன்னார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். மாரீஸ்வரி நாற்காலியில் உட்காராமல் சுவரோரமாகவே நின்றாள். சொல்லச் சொல்ல அவர் முகம் சுருங்கிக்கொண்டே வந்தது. பேசுவது கல்லூரிக் கமிட்டிக்காரரிடம் என்பதை நான் மறக்கவில்லை.

"இதுக்காகவா பிள்ள தன்னை நோவுக்காரின்னு எழுதிக் குடுத்துச்சு?" என்றார்.

வந்த கலரை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு அவரே தொடர்ந்தார்.

"அந்தக் காலத்துல எல்லா ஆபீஸ்லயும் சின்னப் பிள்ளைக இருந்துச்சு மேடம். சரின்னு சொல்ல வரல. இப்ப நம்மகிட்ட ஒண்ணு கிடையாது, யாரு வேணா வந்து பாக்கட்டும்." கொஞ்சம் நிறுத்தி, அவளைப் பார்த்து, "ஏம்மா, எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டுருக்கலாம்ல? நான் என்ன வேண்டாம்னா சொல்லப்போறேன்? நடந்தது நடந்ததுதான. சொல்லச் சொல்லுங்க மேடம். ஆபீஸ் பேரு மட்டும் வேண்டாம்" என்றார்.

மாரீஸ்வரி அழுதாள். நான் அவள் அழுது பார்த்தது அந்த ஒரு தடவைதான். எனக்கு ஒரு பக்கம் நிம்மதி, ஒரு பக்கம் எரிச்சல். இவ்வளவு லேசாகத் திறக்கும் கதவை இந்தப் பிள்ளை ஒருமுறை தட்டிப் பார்த்திருக்கக் கூடாதா என்று. ஆனால் அவளால் தட்டியிருக்க முடியாது. கட்டணம் கட்டுகிற மனிதர் முன்னால் போய், உங்கள் ஆபீசில் சின்ன வயதில் வேலை பார்த்தேன், அதை வெளியே சொல்லலாமா என்று கேட்பதே அவரைக் குத்திக்காட்டுவதாகும் என்று நினைக்கிறவள் அவள்.

கல்லூரிக்கு வந்ததும் சென்னைக்குப் போன் போட்டேன். அந்தப் பெண்ணிடம் நாலாம் வகுப்பிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டாள். மேலே கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றாள். சாயங்காலம் அவளே கூப்பிட்டாள். குரலிலேயே தெரிந்துவிட்டது.

"ஸாரி மேடம். நோய் இருந்திருந்தாக்கூட ஏதாவது வழி பண்ணியிருப்பேன். அப்ளிகேஷன்ல தப்பான தகவல்னு ஆயிடுச்சு. அப்படின்னா யாரா இருந்தாலும் எடுக்கறதில்ல. அதுக்கு மேல என் கையில இல்ல."

"அவ மறைச்சது அவளுக்காக இல்லம்மா. அதையும் சொன்னீங்களா?"

"சொன்னேன் மேடம். முதல்லயே இதை எழுதியிருந்தா நாங்க எல்லாரும் எழுந்து நின்னு கைதட்டியிருப்போம்னு எங்க மேனேஜர் சொன்னார்."

கைதட்டியிருப்பார்களா என்று எனக்கு இன்று வரை சந்தேகம்தான். வேலையைக் கொடுக்காதவர்கள் கைதட்டலைத் தாராளமாகக் கொடுப்பார்கள். ஒருவேளை தட்டியிருக்கலாம், ஒருவேளை அப்போதும் வேறு ஏதாவது சட்டம் குறுக்கே வந்திருக்கலாம். அதை அறியாமலே போனதுதான் எனக்கு ஆறாத வருத்தம். மாரீஸ்வரியிடம் சொன்னபோது "சரி மேடம்" என்றாள். நான்தான் அன்று வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டேன்.

முதலாளி கைவிடவில்லை. விஷயம் தெரிந்ததும் தன் ஆபீசிலேயே கம்ப்யூட்டரில் கணக்குப் பார்க்க அவளை எடுத்துக்கொண்டார். அவர் நல்ல மனதோடுதான் செய்தார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவள் அம்மா மறுபடியும் வந்தாள், மறுபடியும் சேவு. "நெழல்ல உக்காந்து பாக்குற வேல டீச்சர். வீட்டுல இருந்தே போயிட்டு வந்துரலாம். மெட்ராஸ்ல யாரு இருக்கா நமக்கு?" என்றாள். எனக்கு அந்தச் சேவு இறங்கவில்லை.

அடுத்த வருடம் கல்லூரி விழாவுக்கு அழைக்க அந்த ஆபீசுக்குப் போயிருந்தேன். மாரீஸ்வரி என்னைக் கூட்டிக்கொண்டு கட்டை அடுக்கும் கொட்டகையைக் கடந்து போனாள். அங்கே உட்கார்ந்திருந்த பெண்களில் ஒருத்தி, "டீச்சர், இவ இங்கன வேலைக்கு வந்து ஒரு வருசம்னு சொல்லிக்கிட்டுத் திரியுறா. எங்களுக்கெல்லாம் முன்னாடி வந்தவ" என்று சொல்ல, கொட்டகையே சிரித்தது. மாரீஸ்வரியும் சேர்ந்து சிரித்தாள். நான் மட்டும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

அதே வருடம் இன்னொரு கம்பெனி வந்தது. பழைய மாணவர்களையும் எடுப்போம் என்றார்கள். நான் அவளைக் கூப்பிட்டு, இந்தத் தடவை நானே பக்கத்தில் உட்கார்ந்து எழுதித் தருகிறேன், எந்தக் கேள்வி வந்தாலும் நடந்ததைச் சொல்லிவிடு, முதலாளியே சொல்லச் சொல்லிவிட்டாரே என்றேன்.

"இப்பப் போனா நல்லாருக்காது மேடம்" என்றாள். "வேல இல்லாம நின்னப்ப கூப்பிட்டுக் குடுத்தவுக. ஒரு வருசத்துலயே விட்டுட்டுப் போறேன்னு எப்புடிச் சொல்ல?"

"அவரே போகச் சொல்லுவாரு. கேட்டுப் பாரு."

"சொல்லுவாகதான். அதான் கேக்க முடியல."

முதல் தடவை எந்த நன்றியால் வேலை போனதோ, அந்த வேலை போனதால் நன்றி இன்னும் ஒரு சுற்றுக் கூடிவிட்டது. எனக்கு வந்த கோபத்தில் அவளைத் திட்டிவிட்டேன். சென்னைக்குப் போயிருந்தால் இந்நேரம் எங்கே இருந்திருப்பாள் என்று பட்டியல் போட்டேன். திட்டி என்ன, அவளுக்குத் தெரியாததா? அவளைவிடக் குறைந்த மதிப்பெண் வாங்கிய பிள்ளைகள் அன்று அந்தச் சென்னைக் கம்பெனியில் சேர்ந்து, இன்று வெளிநாட்டிலிருந்து எனக்குப் போட்டோ அனுப்புகிறார்கள். ஒவ்வொரு போட்டோவையும் பார்க்கும்போது அவள் ஞாபகம்தான் எனக்கு வருகிறது.

அதற்குப் பிறகு என் வேலையை நான் மாற்றிக்கொண்டேன். அதை மட்டும் உங்களுக்குச் சொல்கிறேன். சம்பந்தமில்லாத வேலையோ படிப்போ, ஒரு பிள்ளை எழுத வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள். பயோடேட்டா வாக்குமூலம் இல்லை, அவர்கள் வாழ்க்கையில் எதைக் காட்டுவது என்பது அவர்கள் உரிமை. ஆனால் யாருக்காக விடுகிறாய் என்று ஒருமுறை கேளுங்கள். பெரும்பாலும் தனக்காக இருக்காது. விட்ட இடத்தைப் பற்றி எவனாவது கேட்டால் என்ன சொல்வாய் என்று கேட்டு, அந்தப் பதிலை உங்கள் எதிரிலேயே வாய்விட்டுச் சொல்ல வையுங்கள். விடுவதில் ஆபத்து இல்லை. விட்ட இடத்தை வேறொன்றை வைத்து நிரப்புகிறார்களே, அங்கேதான் பிள்ளைகள் மாட்டிக்கொள்கிறார்கள். மாரீஸ்வரியை ஒரே ஒரு தடவை என் முன்னால் சொல்லிக்காட்டு என்று கேட்டிருந்தால் அந்தக் காமாலை என் அறையிலேயே குணமாகியிருக்கும். பத்து நிமிட வேலை.

ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்பு அவளைக் கடைசியாக வேலையிடத்தில் பார்த்தேன். முதலாளி புதிதாக ஒரு அச்சாபீஸ் தொடங்கி, அதில் நிர்வாகத்தை அவளிடம் விட்டிருந்தார். எங்கள் கல்லூரிப் பெண் ஒருத்திக்குச் சிபாரிசு சொல்லப் போயிருந்தேன். இப்போது அவள் மேசைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். வேலைக்கு ஆள் எடுப்பது அவள் பொறுப்புதானாம். எங்கள் பிள்ளையின் தாளை வாங்கி, என்னைப் போலவே முதலில் பிறந்த தேதியைத்தான் பார்த்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது. வயசுக்கும் படிப்புக்கும் ஒத்துப்போகாத பிள்ளைகள் நிறைய வருகிறார்களா என்று கேட்டேன்.

"நம்ம பக்கம்தான மேடம், வராம இருக்குமா? நல்லா வேலை பாக்குற பிள்ளைன்னு தெரிஞ்சா எடுத்துருவேன். நடுவுல அந்த வருசம் எல்லாம் எங்க போச்சுன்னு மட்டும் கேக்க மாட்டேன்."

"தெரிஞ்சுக்கிட்டா என்ன தப்பு?"

அவள் தாளை மேசை டிராயரில் வைத்து மூடினாள்.

"கேட்டா அதுக பொய் சொல்லணும்ல மேடம்" என்றாள்.